மிதிக்காத கால்

ஒன்பது வருஷமாக யாகப்பனுக்கு ஒரே வேண்டுதல்தான். அல்போன்சு நாசமாகப் போக வேண்டும். இதை எந்தச் சாமியிடமும் அவன் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்கிற வேண்டுதலா இது? ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க வரிசையில் நிற்கும்போது முன்னால் அந்த வழுக்கைத் தலை தெரிந்தால் போதும், அவனுக்கு அடிவயிறு பற்றிக்கொண்டு எரியும். அப்படி எரியும் வயிற்றோடுதான் நன்மையும் வாங்குவான்.

அல்போன்சு சவேரியார்பாளையம் கோயிலுக்கு டிரைவர். கோயில் கார் ஐம்பத்தொன்பதாம் வருஷத்து வோக்ஸ்வேகன். கோயில் சாமியாராக இருந்த வெள்ளைக்காரப் பெரிய சாமி சொந்த ஊரிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. எஞ்சின் பின்பக்கம், ரேடியேட்டர் கிடையாது, ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், காற்றிலேயே ஆறிக்கொள்ளும். ஊர்க்காரர்கள் அதை ஆமைக்கார் என்பார்கள். யாகப்பனுக்குப் பாப்பாரப்பட்டி கடைத்தெருக் கோடியில் மெக்கானிக் ஷெட். எழுபத்தஞ்சாம் வருஷம் வரைக்கும் அந்தக் காரை அவன்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வருஷம் சர்வீசுக்கு வந்த காரில் புது பிளக் நாலு போட்டதாகச் சொல்லிவிட்டுப் பழைய பிளக்கையே தேய்த்து மாட்டி அனுப்பினான். அல்போன்சு கழற்றிப் பார்த்துவிட்டான். பார்த்தவன் இவனிடம் வந்து நாலு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நேராகப் பெரிய சாமியிடம் போனான். கார் அதற்கப்புறம் சர்வீசுக்குச் சேலத்துக்குப் போக ஆரம்பித்தது. அதோடு விட்டிருந்தால்கூட யாகப்பன் மறந்திருப்பான். சவேரியார் திருவிழாவில் சப்பரத்தின் வலப்பக்க முன்தண்டு மூன்று தலைமுறையாக யாகப்பன் வீட்டுத் தோளில்தான் ஏறும். அந்த டிசம்பரில் பெரிய சாமி எல்லோர் எதிரிலும் அவனை நகரச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் அல்போன்சை நிறுத்தினார். கூட்டத்தில் யாகப்பனின் ஆத்தாளும் நின்றுகொண்டிருந்தாள். பிளக் விஷயம் பொய்யாக இருந்திருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். உண்மையாகப் போய்விட்டதே, அதுதான் அவனுக்கு ஆறவேயில்லை.

எண்பத்துமூன்றில் பெரிய சாமி செத்துப்போனார். அடுத்து வந்த சாமியார் சின்ன வயசு, மோட்டார் சைக்கிளிலேயே எல்லா ஊருக்கும் போய்விடுவார். காரும் டிரைவரும் எதற்கு என்று கமிட்டியில் பேச்சு வந்தது. கடைசியில் ஒரு முடிவு செய்தார்கள். எஞ்சினைச் சோதித்துப் பார்ப்பது. நன்றாக இருந்தால் காரும் இருக்கும், அல்போன்சும் இருப்பான். எஞ்சின் போய்விட்டதென்றால் காரைத் தள்ளிவிடுவது, டிரைவர் வேலையும் அதோடு சரி, கோயிலுக்குப் பின்னால் இருக்கிற டிரைவர் அறையைத் தையல் வகுப்புக்கு விட்டுவிடுவது. அந்த அறையில்தான் அல்போன்சும் அவன் பெண்சாதி ராஜமேரியும் பதினெட்டு வருஷமாகக் குடியிருந்தார்கள். பிள்ளைகுட்டி இல்லை. ராஜமேரிக்கு மூச்சிழுப்பு வேறு. சொந்தமாக ஒரு ஓலைக்குடிசைகூடக் கிடையாது.

சேலத்து மெக்கானிக் கடையை மூடிவிட்டுப் போயிருந்தான். புது சாமியார் யாகப்பனுக்கு ஆள் அனுப்பினார். "உங்ககிட்ட ஏதோ மீட்டர் இருக்காமே, கம்ப்ரஷன் பாக்கறது?" என்று கேட்டார்.

இருந்தது. பெங்களூர் பழைய சாமான் சந்தையில் பிடித்தது. கடிகாரம் மாதிரி ஒரு வட்டம், அதில் ஒரு முள், கீழே ஒரு குழாய். பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் குழாயை முறுக்கி, எஞ்சினைச் சுற்றவிட்டால் சிலிண்டர் காற்றை எவ்வளவு இறுக்குகிறது என்று முள் காட்டும். காட்டிய இடத்திலேயே நிற்கும். பக்கத்திலிருக்கிற பொத்தானை அமுக்கினால்தான் இறங்கும். யார் வேண்டுமானாலும் வந்து பார்த்துக்கொள்ளலாம், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், செப்டம்பர் மாசம் அந்தக் காலையில் யாகப்பன் மனசில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை. இருபத்தஞ்சு வருஷத்து எஞ்சின், தானாகவே செத்திருக்கும், நம் வாயால் அதைச் சொல்கிற புண்ணியம் கிடைத்தால் போதும் என்றுதான் போனான். போனவன் எஞ்சின் சத்தத்தைக் கேட்டதும் திகைத்துப்போனான். அல்போன்சு சூடேற்றுவதற்காகக் கோயிலைச் சுற்றி இரண்டு வட்டம் ஓட்டிக்கொண்டு வந்தான். தையல் மிஷின் மாதிரி ஒரே சீரான சத்தம், ஒரு இருமல் இல்லை, ஒரு பொட்டுப் புகை இல்லை. பாவிப்பயல் பிள்ளை வளர்ப்பதுபோல வளர்த்திருக்கிறான் என்று யாகப்பன் உள்ளுக்குள் கறுவினான்.

நாலு பிளக்கையும் கழற்றினான். முதல் சிலிண்டரில் மீட்டரை முறுக்கினான். முன்னால் உட்கார்ந்து சாவியைத் திருப்ப ஒரு ஆள் வேண்டும். அப்படி உட்காருகிறவனிடம் மெக்கானிக் எப்போதும் சொல்கிற வாக்கியம் ஒன்று உண்டு. ஆக்சிலேட்டரை அடி வரைக்கும் மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்பு. அதைச் சொல்வதற்குள் அல்போன்சே ஏறி உட்கார்ந்துவிட்டான்.

"என் வண்டிய நாந்தான் திருப்புவன்" என்றான். திருப்பியும் விட்டான்.

எஞ்சின் ஏழெட்டு முறை மூச்சு வாங்கியது. முள் ஐம்பத்தெட்டில் நின்றது.

யாகப்பனுக்குச் சந்தேகமாக இருந்தது. இப்படி ஓடுகிற எஞ்சின் ஐம்பத்தெட்டு காட்ட வழியே இல்லை. கையைத் துடைக்கிற சாக்கில் பக்கவாட்டில் நகர்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தான். அல்போன்சின் வலது கால் ஆக்சிலேட்டர் மேல் இல்லை. பக்கத்தில் ரப்பர் விரிப்பின் மேல் சமர்த்தாக இருந்தது. மிதிக்காவிட்டால் காற்றுக் கதவு திறக்காது. கதவு திறக்காவிட்டால் சிலிண்டருக்குள் காற்று எங்கிருந்து வரும்? புது எஞ்சினாக இருந்தாலும் முள் பாதியில்தான் நிற்கும்.

ஆக்சிலேட்டர மிதிங்கண்ணே. இரண்டே வார்த்தை. யாகப்பன் வாயைக்கூடத் திறந்துவிட்டான். அப்போது சாமியார் குனிந்து முள்ளைப் பார்த்தார்.

"எவ்வளவு இருக்கணும் இது?"

யாகப்பன் மீட்டர் வட்டத்தில் விரல் வைத்துக் காட்டினான். "நூறு பக்கம் வரணும் சாமி. எழுவதுக்குக் கீழ போனா எஞ்சினு செத்ததுன்னு அர்த்தம்."

அதில் ஒரு எழுத்துப் பொய் கிடையாது. அன்று அவன் சொன்ன எதிலுமே பொய் கிடையாது. அட கிராதகா, பொய்யாவது சொல்லித் தொலைத்திருக்கலாமே, பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ள ஒன்றாவது மிஞ்சியிருக்கும்.

இரண்டாவதில் அறுபது. மூன்றாவதில் ஐம்பத்தேழு. நாலாவதில் அறுபத்தொன்று. சாமியார் ஒவ்வொன்றையும் டைரியில் குறித்துக்கொண்டார். முன்னாலிருந்து ஒவ்வொரு தரமும் "எவ்வளவு யாகப்பா?" என்று குரல் வந்தது. இவன் பின்னாலிருந்து நம்பரைச் சொன்னான். ஒவ்வொரு நம்பருக்கும் அந்தக் குரல் இறங்கிக்கொண்டே போனது. ராஜமேரி அறை வாசலில் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பாத்து நல்லதா சொல்லு யாகப்பா" என்று இழுத்து இழுத்துச் சொன்னாள். யாகப்பன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அல்போன்சு இறங்கி வந்தான். "சாமி, இன்னொரு வாட்டி பாக்கச் சொல்லுங்க. காலைல கூட நல்லா இழுத்துச்சிங்க."

"தாராளமா பாக்கலாம்" என்றான் யாகப்பன். "நீங்களே உக்காருங்கண்ணே. நீங்க எப்பவும் திருப்பற மாதிரியே திருப்புங்க."

சாமியார் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர் ஆயிற்றே. ஏதோ தோன்றிவிட்டது அவருக்கு. "ஆக்சிலேட்டர் கொஞ்சம் குடுத்துப் பாக்கலாமா?" என்று கேட்டார்.

கேட்டது யாகப்பனை. ஆனால் பதில் சொன்னது அல்போன்சு. அதுவும் ரோஷமாகச் சொன்னான். "ஐயோ, இந்த வண்டிக்கு ஸ்டார்ட் பண்றப்ப மிதிக்கவே கூடாது சாமி. பெட்ரோலு ஓவராயிடும். பெரிய சாமி மொத நாளே சொல்லிக்குடுத்தது. பதினெட்டு வருசத்துல ஒரு நாளு என் காலு அது மேல பட்டதில்லீங்க."

சாமியார் யாகப்பனைப் பார்த்தார். ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா?

"வண்டியப் பத்தி அண்ணனுக்குத் தெரியாததா சாமி" என்றான் யாகப்பன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அல்போன்சு வாயாலும் கெட்டான், காலாலும் கெட்டான். இரண்டாம் தரமும் அதே நாலு நம்பர், ஒன்றிரண்டு முன்பின். சாமியார் டைரியை மூடினார்.

மாசக் கடைசியில் அறையைக் காலி செய்தார்கள். டயர் மாட்டுவண்டியில் இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு கட்டில், அந்தோணியார் படம். பொம்மிடிப் பக்கம் ராஜமேரியின் தம்பி வீட்டுக்கு. போவதற்கு முன் அல்போன்சு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் கேட்டானாம். கோயில் வண்டியைச் சரியாகப் பார்த்துக்கொள்ளாமல் கெடுத்துவிட்டேன் என்று அழுதானாம். அப்படித்தான் ஊரெல்லாம் பேச்சு, அவனே வெளியில் சொல்லியும் திரிந்திருக்கிறான். டீக்கடையில் இதைக் கேட்ட யாகப்பனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டீ புரையேறி மூக்கில் வந்தது. டிசம்பர் திருவிழாவில் முன்தண்டு அவன் தோளுக்குத் திரும்பி வந்தது. அன்றைக்குச் சப்பரம் கனக்கவேயில்லை என்று வீட்டுக்கு வந்து ஆத்தாளிடம் சொன்னான்.

காரும் அவனிடமே வந்தது. இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது, எடுத்துப் போங்கள் என்று சாமியார் சொல்லிவிட்டார். யாகப்பன் அதைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனான். ஊர் தாண்டியதும் கயிற்றை அவிழ்த்துவிட்டு ஓட்டிக்கொண்டு போனான். ஷெட்டில் தார்ப்பாய் போட்டு மூடிவைத்து, நாலு மாசம் கழித்துப் பெயின்ட் அடித்தான். எஞ்சினில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் பிஸ்டன், ரிங் எல்லாம் பெங்களூரிலிருந்து வாங்கிப் புதுசாகப் போட்டிருக்கிறது என்றான்.

பிப்ரவரியில் ஒரு நாள் அல்போன்சு ஷெட் வாசலில் வந்து நின்றான். ஆள் பாதியாகிவிட்டிருந்தான். மாரண்டஹள்ளி மண்டியில் தக்காளிக் கூடை தூக்கிக்கொண்டிருந்தானாம், இடுப்புப் பிடித்துக்கொண்டதாம். ராஜமேரி பொங்கலுக்கு முந்தின வாரம் போய்விட்டாள். தம்பி வீட்டு மாட்டுக்கொட்டகை ஓரத்தில்தான் படுக்கை, பனியில் இழுப்பு அதிகமாகி இரண்டே நாளில் முடிந்துபோனது. இதையெல்லாம் வானிலை சொல்வதுபோலச் சொன்னான்.

"எதாச்சும் வேலை குடு யாகப்பா. சாமான் கழுவறன், கூட்டறன். உன்கிட்ட கேக்க எனக்கு மூஞ்சி இல்ல. அந்த பிளக் விசயத்த பெரிய சாமிகிட்ட போயி சொல்லியிருக்கக் கூடாது. உன் பொழப்புல மண்ணள்ளிப் போட்டன். நீ அத மனசுல வெக்காம, அன்னிக்கு உள்ளத உள்ளபடி சொன்ன. மன்னிச்சிரு."

யாகப்பனுக்கு வயிறு நிறையச் சாப்பிட்டது மாதிரி இருந்தது. ஒன்பது வருஷம் எரிந்த வயிறு அது. மறுநாள் காலையில் வரச் சொன்னான்.

அல்போன்சு மண்ணெண்ணெய்த் தொட்டியில் சாமான் கழுவினான். யாரும் சொல்லாமலே தினமும் காலையில் அந்தக் காரைத் துடைத்தான். புது எஞ்சின் என்று நம்பிக்கொண்டு, "இத இனிமே ஒழுங்கா பாத்துக்கணும்" என்று கார் கண்ணாடியிடம் சொல்லிக்கொண்டான். யாகப்பன் அதைப் பார்த்துக்கொண்டே டீ குடிப்பான். தினமும் அந்த நேரத்துக்கு டீ ருசியாக இருந்தது.

ஏப்ரலில் ஓசூரிலிருந்து அப்துல் ரஷீத் என்று ஒரு மரக்கடைக்காரர் கார் பார்க்க வந்தார். பழைய கார் என்றால் உயிர் அவருக்கு. சுற்றிச் சுற்றி வந்தார், தட்டிப் பார்த்தார், கடைசியில் கம்ப்ரஷன் பார்த்துக் காட்டச் சொன்னார். யாகப்பனுக்கு வாயெல்லாம் பல். முள்ளுக்குப் பக்கத்திலேயே நின்று பாருங்கள் பாய் என்று பிளக்குகளைக் கழற்றினான். ஷெட்டில் அன்று வேறு ஆள் இல்லை. ரஷீத் பாய்க்கு முள்ளைப் பார்க்க வேண்டும், மீட்டரை இவன்தான் முறுக்க வேண்டும்.

"அண்ணே, ஏறிச் சாவியத் திருப்புங்க" என்று கத்தினான். விற்கப்போகிற சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது. யார் ஏறுகிறான், அவன் கால் எங்கே இருக்கும் என்பதெல்லாம் அந்த நேரத்தில் அவனுக்கு ஞாபகமே வரவில்லை.

அல்போன்சு கையைத் துடைத்துக்கொண்டு ஏழு மாசத்துக்குப் பிறகு அந்தச் சீட்டில் உட்கார்ந்தான். பயபக்தியாகச் சாவியைத் திருப்பினான்.

முள் ஐம்பத்தெட்டில் நின்றது.

"என்னங்க மேஸ்திரி, எல்லாம் புதுசுன்னீங்க?" என்றார் ரஷீத். அவர் குரல் மாறிவிட்டது. கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டார்.

வியாபாரம் கைநழுவுகிறது என்றதும் யாகப்பன் பதறிப்போனான். "மிதிங்கண்ணே, ஆக்சிலேட்டர முழுசா மிதிங்க. மிதிச்சாத்தான் காத்து உள்ள போகும். இல்லாட்டி எந்த எஞ்சினும் பாதிதான் காட்டும். இது கூடத் தெரியாதா உங்களுக்கு?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவன் காதில் விழுந்தது.

காருக்குள் அல்போன்சின் கை சாவியை விட்டது. பிறகு, "இப்ப எவ்வளவு காட்டுச்சு?" என்று கேட்டது அந்தக் குரல்.

ரஷீத்துக்கு என்ன தெரியும், பாவம். "அம்பத்தெட்டு" என்றார்.

"அம்பத்தெட்டு" என்றான் அல்போன்சு. "அறுவது. அம்பத்தேழு. அறுவத்தொண்ணு." செபமாலை சொல்வதுபோல மெதுவாகச் சொன்னான். "அதே எஞ்சினுதான். சரி. இப்ப மிதிக்கறன்."

மிதித்தான். முள் தொண்ணூற்றெட்டுக்குப் போனது. அடுத்தது நூற்றொன்று. அடுத்தது தொண்ணூற்றேழு. கடைசியில் தொண்ணூற்றொன்பது. ரஷீத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முன்பக்கம் டயரையும் பெட்டி வைக்கிற இடத்தையும் பார்க்கப் போய்விட்டார்.

அல்போன்சு இறங்கிப் பின்னால் வந்தான். மீட்டரில் முள் இன்னும் தொண்ணூற்றொன்பதில் நின்றுகொண்டிருந்தது. அதைக் குனிந்து பார்த்தான்.

"அன்னிக்கு உனக்கு இது தெரியும்?"

"தெரியும்."

"சொல்லலியே."

"நீங்க கேக்கலியே அண்ணே" என்றான் யாகப்பன். நாலு வருஷம் ஆற அமர யோசித்திருந்தாலும் இதைவிட ஈரமில்லாத பதில் கிடைத்திருக்காது. ஆனால் அவனுக்கு அது இனிக்கவில்லை. கையில் இருந்த ஸ்பானரை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அடிக்க வருவான் என்று நினைத்தான். வந்தால் தேவலை என்றுகூட இருந்தது. மண்ணை வாரித் தூற்றுவான், ஊரைக் கூட்டுவான், சாமியாரிடம் ஓடுவான், அவனுக்குத்தான் ஓடிப் பழக்கமாயிற்றே.

அல்போன்சு ஒன்றும் செய்யவில்லை. பிளக்குகளைத் துடைத்துக் கொடுத்தான். எல்லாம் மாட்டிப் பேச்சு முடிந்ததும் ரஷீத் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அல்போன்சு ஜன்னலில் குனிந்தான்.

"சோக்கு பட்டன மட்டும் இழுத்துக்குங்க பாய். ஸ்டார்ட் பண்றப்ப ஆக்சிலேட்டர் மேல கால் வெக்காதீங்க. இது அப்பிடிப் பழகின வண்டி."

எஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்தது. கார் ஓசூர் ரோட்டில் திரும்பி மறையும் வரை அல்போன்சு பார்த்தான். பிறகு போய்த் தொட்டியில் மிச்சமிருந்த சாமான்களைக் கழுவ உட்கார்ந்தான். சாயங்காலம் வரைக்கும் கழுவினான். யாகப்பனால் அன்று டீ குடிக்க முடியவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த வழுக்கைத் தலை கண்ணில் பட்டது. கெடுத்தவனுக்குக் கெட்டழிந்தவன் முகத்தைப் பார்ப்பதைப்போல நரகம் வேறில்லை, அதைத் தாங்கவும் அவனுக்குத் துப்பில்லை.

"அண்ணே" என்றான். "நாளையிலருந்து வர வேணாம். வேலை இல்ல."

அல்போன்சு தலையாட்டினான். சோப்புத்தூள் போட்டுக் கையைக் கழுவினான், விரல் விரலாகக் கழுவினான். சாப்பாட்டுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டான். வாசல் வரை போய்விட்டுத் திரும்பி நின்றான்.

"ராஜமேரி சாவற வரைக்கும் ஒண்ணே ஒண்ணத்தான் சொல்லிக்கினு இருந்தா. 'நீ வண்டிய ஒழுங்கா பாத்திருந்தா நம்ம வூடு போயிருக்காது'ன்னு. கடேசி ராத்திரி மூச்சு வாங்கறப்பவும் அதையேதான் சொன்னா." தூக்குப்போசியை மறுகைக்கு மாற்றிக்கொண்டான். "நானும் ஆமா, என் தப்புதான்னு அவகிட்ட ஒத்துக்கினன் யாகப்பா."

சொல்லிவிட்டுப் பொம்மிடி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நடந்தான். யாகப்பன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அன்றைக்கு வராத வார்த்தை இன்றைக்கும் வரவில்லை. மீட்டரின் பொத்தானை அமுக்க மறந்திருந்தான், முள் தொண்ணூற்றொன்பதிலேயே நின்றது.